அனுமதி: தேவைப்படவில்லை

பிப்ரவரி 8, ஞாயிறு

வசுமதி மேடத்துக்குத் தினமும் அனுப்ப வேண்டிய படிவம் தனி. இது எனக்கு.

படிவத்தில் ஏழு கட்டங்கள் இருக்கின்றன: இடம், போகும் வழி, தண்ணீர், கழிப்பறை, சிக்னல், பார்க்க வேண்டியவை, அனுமதி. கடைசிக் கட்டத்தில் யாரைக் கேட்டு வண்டியை நிறுத்தினேனோ அவர் பெயரும் போன் எண்ணும் எழுத வேண்டும்.

எங்கள் கம்பெனியிடம் வாடகைக்கு விடும் காம்பர் வேன் மூன்று இருக்கின்றன. படுக்கை, அடுப்பு, நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு, கழிப்பறை மட்டும் இல்லை. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை கடலோரமாகப் போகிறவர்கள் பயமில்லாமல் ராத்தங்கப் பத்து இடங்களைக் கண்டுபிடித்து ஒரு கையேடு தயாரிக்க வேண்டும். போக வேண்டிய பிரதீப் சார் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் சேர்ந்தது போன் எடுக்கும் வேலைக்கு. அது எனக்குச் சரிவரவில்லை. "மாதேஸ்வரி, நீ பேசறது உனக்காவது கேக்குதா?" என்று மேடம் ஒருநாள் கேட்டார். ஆனால் பிரதீப் சாரை விட்டால் இந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவள் நான்தான். மாமாவின் மினி லாரியில் ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிப் போய்க்கொண்டேதான் மூன்று வருடம் புவியியல் படித்தேன்.

28-ஆம் தேதி என் தற்காலிகக் காலம் முடிகிறது. பத்து இடம் கொண்டுபோனால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி அம்மாவோடு மாங்கூழ் ஆலைக்குப் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அங்கே வந்து வரிசையில் நிற்பதைப் பார்க்க அம்மா தயாராக இல்லை. அம்மாவிடம் நாலு பேர் சேர்ந்து போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.

மரக்காணம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் நிறுத்தியிருக்கிறேன். தோப்புக்கு அந்தப் பக்கம் கழிமுகம், அதற்கும் அப்பால் கடல். சவுக்கு இலைகள் உதிர்ந்து தரை மெத்தென்று இருக்கிறது. காற்று அடிக்கும்போது இரண்டு கடல் சத்தம் கேட்கிறது, ஒன்று மரத்தின் மேலே, ஒன்று தூரத்தில். தோப்பின் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் வண்ணமடித்த கழிப்பறை ஒன்று, பூட்டியிருக்கிறது. நான்கு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் அடுப்புப் புகை தெரிந்தது. அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அனுமதி: தேவைப்படவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

இரவில் ஒரு நாய் குரைக்கத் தொடங்கியது, யாரோ அதட்டியதுபோல் சட்டென்று நின்றுவிட்டது. அமைதியான இடம்.

விடிந்ததும் உப்பளம் பார்த்தேன். பாடத்தில் உப்பளத்துக்கு மூன்று வரி. அந்த மூன்று வரியையும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் பாத்திகளில் வானம் அப்படியே கிடக்கும் என்று யாரும் எழுதவில்லை. நீளக் கட்டையால் ஒரு பெண் உப்பை வாரி ஓரம் சேர்க்கிறாள். அவள் காலடியில் மேகம் கலைந்து, அவள் நகர்ந்ததும் மறுபடி கூடுகிறது. அரை மணி நேரம் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தபோது வண்டியில் ஏறிவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இடம் இரண்டு. கடலூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கின் பின்பக்கம். கடல் தெரியாது, சத்தம் மட்டும். அனுமதி: தேவைப்படவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

தரங்கம்பாடி. கோட்டைச் சுவரின் மேல் மாலை வெயில் பட்டால் அந்தச் சுவர் பிஸ்கட் நிறமாகிவிடுகிறது. கடல் அதன் காலடி வரை வந்து, கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. நாள் முழுக்கப் பார்த்தாலும் அலுக்காது.

வேப்பமர நிழலில் நிறுத்தியதும் ஒரு பெரியவர் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு, "பிரஷர் பாக்கறீங்களாம்மா?" என்றார். வெள்ளை வண்டியைப் பார்த்து மருத்துவ முகாம் என்று நினைத்துவிட்டார். இது வேறு என்று விளக்க ஆரம்பித்தால் நிறையப் பேச வேண்டும். "இன்னிக்கு இல்லீங்க" என்றேன்.

"அப்ப நாளைக்கா?"

தலையாட்டிவிட்டேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்பப் போகிறேன்.

பிப்ரவரி 14, சனி

கோடியக்கரை. பூநாரைகளைப் பார்த்தேன். முதலில் சேற்றின் விளிம்பில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அந்தத் துணி எழுந்து பறந்தது. உட்கார்ந்திருக்கும்போது வெளுப்பாக இருக்கும் கூட்டம், இறக்கையை விரித்தால் உள்ளே அவ்வளவு சிவப்பு. தன்னிடம் இருப்பதையெல்லாம் இறக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு சும்மா நிற்கும் பறவை. எனக்கு அதை மிகவும் பிடித்துவிட்டது.

அம்மா போன் செய்தாள். "கூட இருக்கறவங்கல்லாம் சாப்ட்டாங்களா கண்ணு?"

"சாப்ட்டாங்கம்மா."

"இன்னா சாப்ட்டாங்க?"

"உப்புமா."

"எல்லாருமேவா?"

இந்த அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவை போன் செய்கிறாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

முத்துப்பேட்டைக்குத் தெற்கே கடலுக்கு அலையே இல்லை. ஏரி மாதிரி கிடக்கிறது. ஒரு மனிதர் கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே நடந்துபோய் நின்றார், தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டவில்லை. இப்படியும் கடல் இருக்கலாம் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இடம் ஏழு. தேவைப்படவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

தனுஷ்கோடி. கடைசிச் சாலையில் இடதுபக்கம் ஒரு கடல், வலதுபக்கம் இன்னொரு கடல். ஒன்று தூங்குகிறது, ஒன்று குதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் சாலையில் நான். வண்டியை ஓரம்கட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இரண்டு காற்றும் உள்ளே வந்து முட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. இங்கே ஆறு மணிக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது. ராமேஸ்வரத்தில் யாத்ரீகர் வண்டிகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டேன். எட்டு.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒன்பது. மேடத்தின் செய்தி: "இன்னும் ஒண்ணுதான். அட்டைப்படத்துக்கு ஏத்த மாதிரி ஒரு போட்டோ இன்னும் வரல. எல்லா இடத்துலயும் அனுமதி தேவைப்படலைன்னு போட்டிருக்கியே, அவ்வளவு நல்ல ஊருங்களா?"

ஆமாம் மேடம் என்று பதில் போட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாணிக்கத்துறை. பத்து!

சாயல்குடிக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு, பனங்காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் செம்மண் தடம். அது முடியும் இடத்தில் கரை பிறைபோல வளைந்திருக்கிறது. எதிரே ஒரு தீவு, பச்சைக் கோடாக. தண்ணீர் கரையோரம் கண்ணாடி, கொஞ்சம் தள்ளிப் பச்சை, அதற்கும் அப்பால் மயில் கழுத்து. ஆனால் என்னை நிற்க வைத்தது மணல்தான். இத்தனை நாளில் பார்த்த எந்தக் கரையும் இவ்வளவு சுத்தமில்லை. நூறடி அகலத்துக்குச் சிப்பி இல்லை, கல் இல்லை, ஒரு குச்சிகூட இல்லை. பாய் விரித்தது மாதிரி. "இயற்கையின் அதிசயம்" என்று படிவத்தில் எழுதினேன். கெட்டியாகவும் இருந்ததால், வண்டியைத் தண்ணீருக்கு இருபதடி வரை கொண்டுபோய் நிறுத்தினேன். கரையில் ஒரு ஈ காக்கை இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மேடம்: "இதுதான் அட்டை!!!"

மாலை ஆறரைக்குத் தேவாலயத்திலிருந்து ஊர் முழுக்க வெளியே வந்தது. சிலர் வேனைக் காட்டிப் பேசினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு டீ போட்டேன். ஏழு மணிவாக்கில் யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அனுமதி: தேவைப்படவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலை ஆறு மணிக்கு வண்டி குலுங்கியது. கதவைத் திறந்தால் முப்பது பேர் நிற்கிறார்கள், ஆண்களும் பெண்களுமாக. அவர்களுக்கு இரண்டு பக்கமும் மணிக்கட்டுக் கனத்தில் கயிறுகள் கடலுக்குள் போகின்றன. முன்னால் ஒரு தாட்டியான மனிதர், தலையில் துண்டு. பெயர் சவரிமுத்து, இந்த வலைக்குச் சொந்தக்காரர். பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அவள் இன்னாசியம்மாள்.

"யாத்தே, உள்ள ஆள் இருக்குடா!" என்றார் சவரிமுத்து. "நேத்து நான் வந்து தட்டுனேன்ல? ஆளில்லாத வண்டின்னுல்ல போயிட்டேன்."

"டீ வாசன வந்துச்சுன்னு நான் சொன்னேன்ல?" என்றாள் இன்னாசியம்மாள். "எம் பேச்ச யாரு கேக்குறா. ஏ புள்ள, வண்டிய எடு. வெரசா எடு. நீ நிக்கிறது மடி ஏறுற இடம்."

அப்புறம்தான் புரிந்தது. இது கரைவலை இழுக்கும் இடம். விடியலில் வள்ளத்தில் போய் வலையைக் கடலில் வட்டமாக விட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கூட்டங்கள் நெருங்கும். கடைசியில் மீனோடு வலையின் மடி ஓர் இடத்தில் கரையேறும். அந்த ஓர் இடத்தில்தான் நான் படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அதனால்தான் ஈ காக்கை இல்லை.

வண்டியைப் பின்னால் எடுத்தேன். இரவில் ஏறி இறங்கிய தண்ணீரில் மணல் இளகியிருந்தது. பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றி அச்சு வரை இறங்கின. மறுபடி மிதித்தேன், இன்னும் இறங்கியது.

"மிதிக்காத! மிதிக்காத! அங்கிட்டு இலங்கைக்கே போயிருவ!" என்று யாரோ கத்தினார்கள்.

சவரிமுத்து கடலைப் பார்த்தார். "நீவாடு மேக்க இழுக்குது. வலை தள்ளிக்கிட்டுப் போகுது. பாதிப் பேரு கயித்தப் பிடிச்சு நில்லுங்க. பாதிப் பேரு இங்கிட்டு வாங்க."

உபரிக் கயிற்றை வண்டியில் கட்டினார்கள். நான் ஸ்டீயரிங்கில். ஒரு குரல் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுத்தார்கள்.

"டீக் குடிச்ச வண்டி!"

"ஏலா ஏலா!"

"கதவடைச்ச வண்டி!"

"ஏலா ஏலா!"

பதினைந்து பேர் சிரித்துக்கொண்டே இழுத்து, வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் நீவாடு, அதாவது நீரோட்டம், வலையை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டது. நான் இறங்கி ஓரமாக நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"என்ன வேடிக்க பாக்குற? வந்து கயித்தப் பிடி" என்றாள் இன்னாசியம்மாள்.

பிடித்தேன். இரண்டரை மணி நேரம்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கை மட்டும் இழுப்பதில்லை. முதலில் குதிகாலை மணலில் ஊன்ற வேண்டும். பிறகு உடம்பைப் பின்னால் சாய்த்துக் கயிற்றின் மேல் உட்காருவது மாதிரி உட்கார வேண்டும். முப்பது பேரும் ஒரே நேரத்தில் சாய்கிறார்கள். வரிசைக் கடைசியில் இருப்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் ஓடித் தண்ணீருக்குள் இறங்கி மறுபடி பிடிக்கிறார். யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. கடல் தரும்போது இழுக்கிறார்கள், கடல் இழுக்கும்போது சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பலம் என்றால் இழுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பாதிப் பலம் விடாமல் நிற்பதில் இருக்கிறது. இன்னாசியம்மாள் என் முன்னால். அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தே நானும் ஏறி இறங்கினேன்.

மடி கரையேறியது. சாளையும் காரலும் வெள்ளிக் காசாகத் துள்ளின. எனக்கு அது மலைபோலத் தெரிந்தது.

"பாதிதான்" என்றார் சவரிமுத்து. "பாதி மேக்க போயிருச்சு."

இந்தக் கரை ஒன்று, வலைகள் ஆறு. திங்கள் முதல் சனி வரை வலைக்கு ஒரு நாள். சவரிமுத்துவின் பாடு, அதாவது முறை, திங்கட்கிழமை. இன்று விட்டதைப் பிடிக்க அவர் அடுத்த திங்கள் வரை காத்திருக்க வேண்டும். இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மீனைக் கூறு போட்டார்கள். கயிறு பிடித்த ஆளுக்கு ஒரு கூறு. கடைசியில் ஒரு கூறு மிஞ்சியது.

"எடு" என்றாள் இன்னாசியம்மாள்.

"எனக்கு வேணாங்க. என்னாலதான்..."

"மடி ஏறையில கயித்துல கை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப அது ஒங் கூறு. போன வருசம் விசாரிக்க வந்த போலீஸ்காரரு சும்மா கயித்தத் தொட்டுப் பாத்தாரு. அவருக்கே குடுத்தோம். வாங்கலைன்னா வலைக்கு ஆகாது."

எனக்கு மீன் கழுவத் தெரியாது என்றேன். முழு ஊரும் சிரித்தது.

மாலையில் பெண்கள் ஐந்தாறு பேர் கரையில் குனிந்து நடந்தார்கள். சிப்பி, கல், குச்சி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். இருந்தால் வலை கிழியும். தினமும் செய்கிறார்களாம். இயற்கையின் அதிசயம் என்று எழுதியிருந்தேனே, அதற்கு இடுப்பு வலி இருக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

வண்டியைப் பனைகளுக்கு அடியில் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். மேடத்தின் செய்தி: "மாணிக்கத்துறைக்கு மார்ச் 7-லேருந்து மூணு நாளைக்கு ரெண்டு வேன் புக்கிங் ஆயிடுச்சு. உன் போட்டோ பார்த்துத்தான்! அதே ஸ்பாட்ல நிறுத்தணுமாம்."

மார்ச் 7 சனிக்கிழமை. அன்றைக்கு வேறொரு வலையின் பாடு.

மத்தியானம் முழுக்க யோசித்து முடிவெடுத்தேன். பத்தாவது இடத்தைப் படிவத்திலிருந்து அழித்துவிடுவது. இந்த ஊரை யாருக்கும் காட்டுவதில்லை. வேலை போனால் போகட்டும். முடிவெடுத்ததும் என் மேலேயே மரியாதை வந்தது. இன்னாசியம்மாள் மீன் உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, இந்த இடத்தை நான் புத்தகத்துல போடப் போறதில்ல. உங்க ஊரு இப்படியே இருக்கட்டும்."

"எப்படியே?"

"இப்படி... யாருக்கும் தெரியாம."

அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "அடியாத்தே. எங்களப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டப் போறியாக்கும்? வரையில கேட்டியா? கேக்கல. இப்ப மறைக்கையிலயாவது கேட்டியா? அதுவும் இல்ல. வந்து நின்னதும் நீயா எடுத்த முடிவு, ஒளிச்சு வைக்கிறதும் நீயா எடுத்த முடிவு. நடுவுல ஊருன்னு ஒண்ணு கெடக்கா இல்லையா?"

அவள் மீனை மறுபடி எடுத்து வெயிலில் பரப்பினாள்.

"நாலு வண்டி வந்தா நான் இட்லி அவிச்சு விப்பேன். வேணாங்கிறவுகளும் இருப்பாக. அதெல்லாம் எங்களுக்குள்ள. நாளைக்கு அந்தியில வலைக் கொட்டகையில ஆறு வலைக்காரரும் கூடுவாக. வந்து கேளு."

"நீங்க சொல்லிடுங்களேன்க்கா."

"எனக்கென்ன வந்துச்சு? வாயி ஒனக்குத்தான இருக்கு?"

பிப்ரவரி 25, புதன்

கொட்டகையில் அறுபது பேராவது இருந்தார்கள். நான் எழுந்து நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"கேக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மறுபடி சொன்னேன்.

"இன்னும் கேக்கல! டீ குடிச்சுட்டு வந்து சொல்லு!"

சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். குதிகாலை ஊன்றிக்கொண்டேன். மூன்றாம் முறை எல்லாவற்றையும் சொன்னேன். நான் கேட்காமல் நின்றதை, கதவைத் தட்டியும் திறக்காததை, படம் எடுத்து அனுப்பியதை, மார்ச் 7-ஆம் தேதி இரண்டு வண்டிகள் வரப்போவதை. "திங்கக்கிழமை வலையில பாதி போனதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சிடுங்க. இனிமே வண்டிங்க வரலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்." கடைசி வார்த்தை கொட்டகைக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். குப்பை போடுவார்கள் என்றார் ஒருவர். வந்தால் மீன் விலை ஏறும் என்றார் இன்னொருவர். ஞாயிறு வந்தால் பூசைக்கும் வரச் சொல்ல வேண்டும் என்று சவரிமுத்து ஆரம்பிக்க, "முதல்ல நீரு பூசைக்கு வாரும்" என்று இன்னாசியம்மாள் உட்கார வைத்தாள்.

முடிவு: வண்டிகள் வரலாம். மணலில் சக்கரம் படக் கூடாது, பனைக்கு அடியில் நிற்க வேண்டும். வருமுன் சவரிமுத்துவுக்குப் போன் செய்ய வேண்டும். தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கழிப்பறையைப் பயன்படுத்தலாம். தங்குகிறவர் யாராக இருந்தாலும், ஞாயிறு தவிர மற்ற நாட்களில், காலை ஆறு மணிக்குக் கயிற்றில் கை வைக்க வேண்டும். கூறு கொடுக்கப்படும்.

பிப்ரவரி 26, வியாழன்

மேடத்துக்கு நானே போன் செய்தேன். இதுவரை அவர்தான் செய்திருக்கிறார்.

"என்ன மாதேஸ்வரி, கஸ்டமர் காசு குடுத்து வந்து கயிறு இழுக்கணுமா?"

"ஆமா மேடம்."

"விரும்பினால்னு ஒரு வார்த்தை சேர்த்துடு."

"சேர்க்க முடியாது மேடம். ஊர்ல ஒத்துக்கிட்டது அப்படி இல்ல."

அந்தப் பக்கம் சத்தமில்லை. நான் விடாமல் நின்றேன். பிறகு, வாய் திறந்த வேகத்தில் மற்றதையும் சொன்னேன். "மேடம், மத்த ஒம்பது இடத்துலயும் நான் யாரையும் கேக்கல."

"தேவைப்படலைன்னு எழுதியிருந்தியே?"

"ஆள் இருந்தாங்க மேடம். நான்தான் கேக்கல."

"அப்ப உன்கிட்ட இருக்கறது ஒரே ஒரு இடம்."

"ஆமா மேடம். ஒண்ணு."

யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்.

இன்றும் வேறொரு வலைக்குக் கயிறு பிடித்தேன். இன்னாசியம்மாள் எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். கயிற்றோடு முப்பது பேர், நடுவில் நான். உடனே போன்.

"இவங்கதான் உன்கூட வந்தவங்களா கண்ணு?"

"இல்லம்மா. இவங்க இந்த ஊரு." கொஞ்சம் நிறுத்தினேன். "வண்டியில நான் மட்டுந்தாம்மா."

"தெரியும்."

"எப்படிம்மா?"

"நாலு பொண்ணுங்க போற வண்டில, பதினஞ்சு நாளா ஒருத்தி தும்மற சத்தங்கூடவா போன்ல கேக்காது? அதான் தெனமும் ரெண்டு வாட்டி போன் பண்ணேன்." பிறகு, "அந்த மீனு எப்படி, முள்ளு அதிகமா?" என்றாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

கிளம்பினேன். இன்னாசியம்மாள் கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தாள். வண்டி பத்து நாளைக்கு நாறும். நாறட்டும்.

பிப்ரவரி 28, சனி

தூத்துக்குடி. மேடத்தின் செய்தியை அப்படியே எழுதுகிறேன். "நிரந்தரம் இப்போ இல்ல. இன்னும் ஒரு மாசம் தரேன். வண்டியைத் திருப்பு. ஒன்பது இடத்துக்கும் போய்க் கேட்டு, பேரும் நம்பரும் எழுதிக்கிட்டு வா. முடியாதுன்னு சொன்னா அடிச்சுடு, புதுசு தேடு. மார்ச் 7 பார்ட்டிகிட்ட கயிறு விஷயம் சொன்னேன். ஒரு வேன் கேன்சல். இன்னொண்ணு, 'எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்?'னு கேக்கறாங்க."

மார்ச் 2, திங்கள்

இடம் ஒன்பது. கேட்டேன். முடியாது என்றார்கள். அடித்துவிட்டேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

எட்டு, ஏழு. கேட்டேன். இரண்டிலும் சரி. ஏழில் ஒரு அம்மாள், "இதக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தே?" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

தரங்கம்பாடி. பெரியவர் அதே வேப்பமரத்தடியில் இருந்தார். "நாளைக்குன்னுட்டு ஓடிட்டீங்களே!" என்று சட்டைக் கையை மடித்தார். இது பிரஷர் பார்க்கும் வண்டி இல்லை என்று முழுதாக விளக்கினேன். உள்ளே ஏறி, படுக்கையில் உட்கார்ந்து, அடுப்பைத் திறந்து பார்த்தார். "இதுல குடியிருந்தா பிரஷரே வராது. தாராளமா நிறுத்திக்கங்க." பெயரும் எண்ணும் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

இடம் ஒன்று. சவுக்குத் தோப்பு. அதே இரட்டைக் கடல் சத்தம்.

கொட்டகையில் புகை தெரிந்தது. நடந்து போனேன். காலையில் இட்லிக் கடை போடும் அம்மாள் ஒருவர், பெயர் பூங்காவனம். தோப்புக் காவலும் அவர்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன மாசம் வெள்ள வண்டில வந்து நின்னது நீதானா? ராவெல்லாம் அந்த நாய அதட்டிக்கினே குந்தியிருந்தேன், பொட்டப்புள்ள பயந்துக்கப் போவுதுன்னு. காலைல இட்லி குடுக்கலாம்னு வந்தா, ஆளக் காணும்."

என்னால் பேச முடியவில்லை. இது பழைய பேச முடியாமை இல்லை.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா," என்று அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார், "கக்கூஸ் சாவி குடுத்திருப்பேனே."

சாவியில் ரோஸ் நிற நூல் கட்டியிருந்தது.

அனுமதி: பூங்காவனம் அம்மாள். போன் எண்ணை அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.